பொன்னரும் பொய்ப்படியும்

இலங்கை மலையகத்தில், எங்கள் ஊவாவில் 'சர்' பட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1890இல் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டனுக்கு விக்டோரியா மகாராணி 1898இல் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் மேட்டுக்கு இன்றைக்கும் ஆட்டோ பிடித்து ஆட்கள் போகிறார்கள். ஹப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அதிசம் மாளிகையைப் பார்த்தால், இங்கிலாந்துக் கோட்டை ஒன்று வழி தவறி யூக்கலிப்டஸ் காட்டுக்குள் வந்து நின்றுவிட்டதோ என்று தோன்றும். இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஜாம் போத்தல் விற்கிறார்கள், நன்றாகவே இருக்கும்.

இந்த 'சர்' என்கிற பட்டம் பழைய காலத்தில் குதிரை, கவசம், வாள் எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தது. அரசன் முன்னால் முழந்தாளிட்டு சத்தியம் செய்ய வேண்டும்: பொய் சொல்லமாட்டேன், திக்கற்றவரைக் கைவிடமாட்டேன், கொடுத்த வாக்கை மீறமாட்டேன். அப்படிப்பட்டவர்களிலேயே அப்பழுக்கில்லாதவன் என்று ஐரோப்பியக் கதைகள் தூக்கி வைப்பது சர் கலஹாட் என்பவனை. ஆர்தர் அரசனின் வட்டமேசையில் யார் உட்கார்ந்தாலும் உயிர் போய்விடும் என்று காலியாக விட்டிருந்த ஆசனம் ஒன்று. இந்தப் பையன் வந்து சும்மா உட்காருகிறான், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் மிதந்து வந்த கல்லில் செருகியிருந்த வாளை மற்றவர்களால் அசைக்க முடியவில்லை, இவன் உருவி எடுக்கிறான். ஏசுநாதர் கடைசி இராப்போசனத்தில் பயன்படுத்திய கிண்ணத்தைத் தேடிப் போன அத்தனை வீரர்களிலும் அதை முழுதாகக் கண்டவன் இவன்தான். கண்டதும் 'போதும், என்னை எடுத்துக்கொள்' என்று வேண்டி உயிரை விடுகிறான். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சில் எழுதப்பட்டது இது. பிறகு தோமஸ் மாலரி ஆங்கிலத்தில் எழுதி, 1485இல் காக்ஸ்டன் அச்சிட்டார்.

பதுளையில் பழைய புத்தகம் விற்கும் கடையொன்றில் இதன் சிறுவர் பதிப்பு எனக்குக் கிடைத்தது. படித்து முடித்ததும் முதலில் வந்த எண்ணம்: இவனை யாருமே ஏமாற்றவில்லையே! ஆசை காட்டுகிறார்கள், பயம் காட்டுகிறார்கள், சண்டைக்கு இழுக்கிறார்கள். ஆனால் 'நீ என் சாமானை எடுத்துவிட்டாய்' என்று ஒருவரும் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. நல்லவனாக இருப்பதில் உள்ள பெரிய சிக்கலே அதுதானே. கலஹாட்டுக்கு அது வரவேயில்லை.

எங்கள் பொன்னருக்கு வந்தது.

பொன்னர் சங்கர் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டுக் கதை. அங்கே அண்ணன்மார் சுவாமி என்று கும்பிடுகிறார்கள். குன்னுடையான், தாமரை என்று ஒரு வேளாண் குடித் தம்பதி. நெடுங்காலம் பிள்ளை இல்லை. தாமரை கடுந்தவம் இருந்து வாங்கி வந்த வரத்தில் பிறந்தவர்கள் பொன்னரும் சங்கரும், கூடவே தங்காளும். வரத்திலேயே கணக்கு எழுதியாகிவிட்டது, அண்ணன் தம்பிக்கு 16 வயதுதான் ஆயுள். தலையூர் அரசன் காளியோடும் வேட்டுவரோடும் பகை. கொம்பன் என்கிற காட்டுப்பன்றியோடு வேட்டை. கடைசியில் ஒரு பூங்கணை வந்து மார்பில் தொட்டதும் காலம் முடிந்தது என்று தெரிந்து தன் வாளிலேயே விழுகிறான் சங்கர். தம்பி இல்லாத உலகம் எனக்கெதற்கு என்று பொன்னரும் விழுகிறான். தங்காள் காடெல்லாம் அலைந்து படுகளத்துக்கு வந்து அண்ணன்மாரை எழுப்புகிறாள். மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் இன்றும் மாசி மாதத்தில் அந்தப் படுகளம் நடக்கிறது. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் கொங்கு நாட்டில் தங்கி, இந்தக் கதையை உடுக்கைப் பாட்டாகவே ஒலிநாடாவில் பதிந்தார். கலைஞர் நாவலாக எழுதினார், 2011இல் அது படமாகவும் வந்தது. படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கோப்பித் தோட்டக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணிமார் சேர்த்துக்கொண்டு வந்த சனம் எங்கள் சனம். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். மூட்டையில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் மூன்று கூத்து இருந்தது: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். பசறை, லுணுகலை, நமுனுகுலைச் சாரல், ஹாலி-எல, தெமோதரை என்று ஊவாத் தோட்டங்களிலும் இவை ஆடப்பட்டன. காமன் கூத்து எல்லோருக்கும் பொது, மாசி பிறந்தால் காமன் பொட்டலுக்கு யாரும் வரலாம். பொன்னர் சங்கருக்குத்தான் கெடுபிடி அதிகம். காப்புக் கட்டியதும் வேஷக்காரர்கள் கவிச்சி தொடக்கூடாது, வீட்டுக்காரியோடு சேரக்கூடாது, லயத்துக் காம்பிராவில் படுக்காமல் கோயில் திண்ணையில் படுக்க வேண்டும். கலஹாட் வாழ்நாள் முழுக்க இருந்த விரதத்தை எங்கள் பொன்னர் வேஷக்காரர் கூத்து முடியும் வரைக்குமாவது இருந்தாக வேண்டும். பிரட்டுக்குப் போய், கவ்வாத்து வெட்டி, திரும்பி வந்து விரதம்.

முன்பெல்லாம் கிரீடமும் மார்புப் பட்டையும் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளில் செய்வார்கள். ஸ்டோரில் வேலை செய்கிற யாராவது கிழிந்த பெட்டியிலிருந்து உரித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெட்ரோமெக்ஸ் வெளிச்சத்தில் அது வெள்ளிக் கவசமாகத்தான் தெரியும். அதிசம் மாளிகையில் கூட அவ்வளவு மினுக்கம் கிடையாது.

சின்ன வயதில் எனக்குச் சங்கரைத்தான் பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவன் வந்தாலே தப்படியின் வேகம் மாறும். கோபக்காரன், பேசுவதற்கு முன்னால் வாளை எடுப்பவன். பொன்னர் வந்தால் பாட்டு இழுபடும், நாங்கள் கடலை வாங்கப் போய்விடுவோம். மூத்தவன், பொறுமைசாலி, ஆளுகிறவன், தருமம் தருமம் என்று பாடுகிறவன். ஆனால் அம்மாயியும் அவர் செட்டுப் பெண்களும் பொன்னர் காட்சி ஒன்றுக்காகத் தூங்காமல் காத்திருப்பார்கள். அதுதான் பொய்ப்படி.

எங்கள் பக்கத்துக் கூத்தில் அது இப்படி வரும். தலையூர் காளி ஓர் ஆசாரியை ஏவிவிடுகிறான். ஆசாரி மரத்தில் ஒரு படி கடைந்து அதற்குத் தங்கப் பூச்சுப் பூசுகிறான். சங்கர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொன்னரிடம் வந்து, "சாமி, இது தங்கப்படி. வழியெல்லாம் கள்ளர் பயம். நீங்கள் தருமவான். கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கள்" என்கிறான். பொன்னர் வாங்கி வைக்கிறார். உரசிப் பார்க்கவில்லை, நிறுத்துப் பார்க்கவில்லை. நம்பி வந்தவனை உரசிப் பார்ப்பது அழகா? பிறகு ஆசாரி வந்து கேட்கிறான், இவர் எடுத்துக் கொடுக்கிறார், தண்ணீர் படுகிறது, பூச்சு கரைந்து மரம் தெரிகிறது. "தங்கத்தை வைத்துக்கொண்டு மரத்தைத் தருகிறாயே, நீயா தருமவான்?" சபை நடுவில் கேட்கிறான். பொன்னரிடம் பதில் இல்லை. தான் மாற்றவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனால் கையில் இருப்பது மரப்படி. சத்தியம் செய்யக் கூப்பிடுகிறான் ஆசாரி, அதற்கும் புறப்பட்டுவிடுகிறார். அந்தச் சதியிலிருந்து உயிரோடு மீட்க மற்றவர்கள் ஓடி வர வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் இதில் சிறு மாற்றங்கள் உண்டு. சிலர் படி என்பார்கள், சிலர் மரக்கால் என்பார்கள். பழியை ஒரு கைத்தொழில்காரர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஏவியவன் தலையூர் காளி, பெயர் கெட்டது ஆசாரிக்கு.

இந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். அழுகை இல்லை, மண்ணை வாரித் தூற்றுவதும் இல்லை. ஆளுக்கு ஆள் 'ம்ம்', 'அப்புடித்தான்', 'பாத்தியா' என்று முனகும் சத்தம். அது ஏன் என்று ஒரு நாள் கொழுந்து மடுவத்தில் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கொழுந்து எடுக்கிறவரின் நாள் முழுக்கத் தராசில் போய் முடிகிறது. காலையில் எடுத்ததை நிறுப்பார்கள், பகலில் நிறுப்பார்கள், பொழுது சாயும்போது நிறுப்பார்கள். தராசின் முள்ளைப் பார்ப்பது நிறுக்கிறவர், எழுதுவது கணக்கப்பிள்ளை, கொழுந்து எடுத்தவள் மறுபக்கம். சாக்குக்கு என்று கொஞ்சம் கழியும். மழை நாளென்றால் தண்ணீருக்கு என்று கழியும். முற்றல் இருக்கிறது என்று சில நாள் கழியும். கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம், உடம்பு முழு நாள் வேலை செய்திருந்தாலும். 2021இல் நாட் சம்பளத்தை 1000 ரூபாயாக்கி வர்த்தமானி வந்த பிறகு, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு எல்லாப் பக்கமும் எழுந்தது. ஆயிரம் என்று சொன்ன படி தண்ணீர் பட்டதும் வேறு நிறமாகத் தெரிந்தது.

என் அம்மாவுக்கு ஒரு பழக்கம். மலையில் கூடையைத் தூக்கிப் பார்த்து மனதுக்குள் ஒரு நிறை சொல்லிக்கொள்வார். மடுவத்தில் வேறு ஒன்று எழுதுவார்கள். எந்தத் தோட்டம், யார் எழுதினது என்பதெல்லாம் வேண்டாம். அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "சரி, பொன்னருக்கே அப்புடித்தான்" என்பார். அப்பா சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். ராஜாவுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறேன். நாடு ஆண்டவன் கதையை, ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லாத நாம் ஏன் தலையில் தூக்கி வைக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. தோட்டக் கூத்தில் பொன்னர் ராஜாவாக இருப்பது வேஷத்தில் மட்டும் என்பது அப்போது கண்ணில் படவில்லை. சபையில் மரப்படியோடு நிற்கும்போது அவர் மடுவத்தில் நிற்கிறார். கொங்கு நாட்டில் இந்தக் கதையின் எடை நிலத்தின் மேலும் பங்காளிப் பகையின் மேலும் விழுகிறது என்கிறார்கள். கடல் தாண்டி இங்கே வந்ததும் அது தராசின் மேல் விழுந்துவிட்டது. அங்கே வேட்டைக்கும் போருக்கும் கொடுக்கும் இடத்தை எங்கள் கூத்து வாத்தியார்கள் படிக் காட்சிக்குக் கொடுத்ததற்குக் காரணம் சனம் கேட்டதுதான்.

ஊவாவில் இன்னொருவர் கதையும் எனக்கு இதோடு சேர்த்தே ஞாபகம் வரும். சிங்களவர், ஆனாலும் இந்த மண்ணில் நிறை சரியாகக் கொடுத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன். மொனரவில கெப்பெட்டிப்பொல, ஊவாவின் திசாவை (மாகாண அதிகாரி). 1817இல் வெல்லஸ்ஸயில் கிளர்ச்சி தொடங்கி, பதுளையிலிருந்து போன வில்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அம்பு பட்டுச் செத்துப்போனார். கிளர்ச்சியை அடக்கி வா என்று ஆளுநர் பிரவுன்ரிக் கெப்பெட்டிப்பொலவை ஆட்களோடும் ஆயுதங்களோடும் அனுப்பினார். போனவர் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். சேருமுன் அவர் செய்த காரியம் ஒன்றைத்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்: வெள்ளைக்காரன் கொடுத்த துப்பாக்கிகளை வெள்ளைக்காரனுக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். உன்னோடு சண்டை போட உன் ஆயுதம் எனக்கு வேண்டாம். போர்த் தந்திரம் தெரிந்தவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். துப்பாக்கி பற்றாமல்தானே அந்தக் கிளர்ச்சியே தோற்றது. ஆனால் பொன்னரைக் கேட்டால் வேறென்ன செய்வது என்பார்.

1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பரையில் கெப்பெட்டிப்பொலவின் தலையை வெட்டினார்கள். ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணத்தை அளக்கலாம் என்று நம்பிய காலம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு அது திரும்பி வந்து, இப்போது கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் நினைவுத் தூணின் கீழ் இருக்கிறது. அவரைத் துரோகி என்று அறிவித்த 1818ஆம் ஆண்டு வர்த்தமானியை 2016இல்தான் செல்லாது என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரர் ஊவாவில் வீட்டையும் வயலையும் எரித்த பிறகு, அதே ஊவாவில்தான் கோப்பியும் தேயிலையும் நடப்பட்டு எங்கள் ஆட்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். இரண்டு சனங்களுக்கும் இடையில் எத்தனையோ மனத்தாங்கல்; அதை இங்கே பிரிக்கப்போனால் பதிவு முடியாது.

பெண்ணாக இருந்து இந்தக் கதைகளைப் படிக்கும்போது ஒரு முள் தைத்துக்கொண்டே இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீரனுடைய தூய்மைக்கு விலை கொடுக்கிறது யார்? பொன்னருக்கும் சங்கருக்கும் கலியாணம் நடக்கிறது. ஆனால் மனைவிமாரைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள், அவர்கள் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்து கடைசியில் நெருப்பில் போகிறார்கள். கூத்தில் அந்த இரண்டு பேருக்கும் ஒழுங்காக ஒரு பாட்டுக் கூடக் கிடையாது. கலஹாட் கதையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கிண்ணம் தேடிப் போகும் மூன்று பேரில் ஒருவனான பெர்சிவலின் தங்கை, அவர்களோடு கூடவே வருகிறவள். வழியில் ஒரு கோட்டைச் சீமாட்டிக்குத் தொழுநோய். கன்னிப்பெண்ணின் இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டுமாம். கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறாள். பழைய பிரெஞ்சுக் கதையில் அவளுக்குப் பெயர் கூட வைக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் கலஹாட்டின் வாளுக்கு வார் கூடக் கிடையாது, தன் தலைமயிரை அறுத்துப் பின்னிக் கொடுத்தவள் அவள்தான். எங்கள் தங்காளுக்காவது பெயரும் பாட்டும் படுகளத்தில் செத்தவரை எழுப்பும் சக்தியும் இருக்கிறது. அந்த வேஷத்தை ஆம்பிளைதான் கட்டுவார் என்பது வேறு விஷயம்.

சாம்புகனையும் விட்டுவிட முடியாது. அண்ணன்மாரின் படைத்துணை, பறையர் குலத்தவன். கதையில் கைவலிக்கிற வேலை எல்லாம் அவனுக்கு. பொன்னர் சதியில் மாட்டும்போதும் ஓடி வருகிறவன் அவன். வீரப்பூரில் அவனுக்கும் வழிபாடு உண்டு. தோட்டத்தில் அவன் சாதிசனம் நிறைய இருந்தும், பொன்னர் கிரீடம் எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்பதில் பழைய தலைமுறை பிடிவாதம் பிடித்தது. எங்கள் பக்கம் அது உடைந்ததற்குப் பெரிய புரட்சி ஒன்றும் காரணமில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருஷங்களில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிப் போனவர்களோடு பொன்னரும் போனார், தாமரையும் போனார், மத்தளம் அடித்தவரும் போனார். சிலர் நீலகிரியில் மறுபடி தேயிலைக்குள்ளேயே இறங்கினார்கள். மிஞ்சியவர்களில் பாட்டுத் தெரிந்தவர் யாரோ அவர் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அப்படி வந்தவர்தான் எங்கள் மாமா. இப்போது கூத்து வாத்தியார்.

இந்த முறை கூத்துக்கு ஆயத்தக் கூட்டம் நடந்தபோது நானும் போனேன். கொழும்பில் வேலை செய்யும் பையன்கள்தான் காசு போடுகிறார்கள், அதனால் அவர்கள் சொல் எடுபடும். விடிய விடிய ஆட முடியாது, மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், ஃபேஸ்புக்கில் நேரடியாகப் போட வேண்டும் என்றார்கள். தப்பில்லை, துபாயில் இருக்கிறவனும் பார்க்க வேண்டும் அல்லவா. பன்றி வேட்டை இருக்கட்டும், போர் இருக்கட்டும், படிக் காட்சியை எடுத்துவிடலாம், அது வெறும் பேச்சுத்தானே என்றான் ஒருவன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பீலிப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர்தான் எழுந்தார். மடுவத்திலிருந்து நேராக வந்தவர், படங்குச் சாக்கைக் கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

"ஏன்டா தம்பி, பன்னிய டீவியில பாத்துக்கலாம். படியத் தூக்குனா நாங்க எதுக்கு வர்றது?"

பையன் சிரித்தான். "இல்ல அக்கா, அந்தாளு ஏமாளி மாதிரி நிக்கிறாரு. பாக்கிறவங்களுக்கு போரடிக்கும்."

"ஏமாளியா? நாளைக்கு வா எங்க மலைக்கு. சாயங்காலம் நிறுவைக்கு நின்னு பாரு. அப்புறம் சொல்லு."

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேட்டையப் பாதியாக் கொறச்சிக்கிடலாம். படி முழுசா இருக்கட்டும். புள்ள, நீ எழுதி வச்சிக்க" என்று என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டேன். சங்கர் வேஷக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது, அவர் வேட்டைக்கென்று புதிதாக ஈட்டி செய்து வைத்திருந்தார்.

அதற்குள் கோமாளி வேஷக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஆசாரி படியைக் கொண்டுவரும்போது கோமாளி பின்னாலேயே இலத்திரனியல் தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாராம், நிறுத்துக் காட்டுவாராம். கூட்டம் அதிரச் சிரித்தது. ஆனால் தராசு வேண்டும். தோட்டத்துத் தராசைக் கேட்க யாருக்கும் மனமில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது பழைய தராசு சும்மா கிடந்தால் இங்கே சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம், கூத்து முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவோம். பழுதானதாக இருந்தாலும் பரவாயில்லை. நிறை சரியாகக் காட்டாத தராசாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார் மாமா.